கிடங்கு, குடோன், கோதாம், குடாங்

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் அதைக் கழற்றினோம். நான் ஸ்பேனர் பிடித்தேன். அவர் டார்ச் பிடித்தார். குழாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது.

"அப்பா, இங்க காட்டு."

"இங்கதானே காட்டுறேன்."

"அது என் காது."

"காதையும் கொஞ்சம் பார்த்துக்க. நான் சொல்றது எதுவும் உள்ள போறதில்ல."

இதைக் கரகரவென்று, பாதிக் காற்றாகச் சொன்னார். அந்த வாரம் அவர் தொண்டை கட்டியிருந்தது. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பாவின் கணக்கில் பேச்சைக் குறைப்பது என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பேசுவது.

வாஷர் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. புதியதைப் போட்டு இறுக்கினேன். அவர் குழாயைத் திறந்து மூடி, அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சொட்டவில்லை. "முடிஞ்சுது, போ" என்றார்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே வியாழக்கிழமை அவர் இறந்துபோனார். தான் சாவி வைத்திருந்த கிடங்கிலேயே, இறக்கிவிட்ட ஷட்டருக்கு உள்பக்கம்.

விபத்து என்கிறார்கள். நான் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். விபத்து என்ற சொல்லை எங்கள் வேலையில் லேசில் எழுத மாட்டோம். காரணம் எதுவுமே கிடைக்காதபோதுதான் எழுதுவோம். இங்கே காரணம் கிடைக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா அங்கே மூட்டை தூக்கத்தான் சேர்ந்தார். முதுகு மக்கர் செய்ததும் தூக்குவதை விட்டு எண்ணும் வேலைக்கு மாறினார். பழைய கீப்பர் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்து இவர் இடுப்புக்கு வந்தது. சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே ஒன்றோடொன்று திறந்த நான்கு கூடங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஷட்டர். வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது. கோதுமை, சர்க்கரை, மாட்டுத் தீவனம். மூட்டைகளைக் கூரை எட்டும் வரை அட்டி போட்டு அடுக்கியிருப்பார்கள். இரண்டு அட்டிகளுக்கு நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். அங்கே நிற்பவரை வாசலில் நிற்பவர் பார்க்க முடியாது. ஷட்டரை ஒட்டி வெளியே ஒரு ஆபீஸ் அறை. அந்த அறைக்கும் முதல் கூடத்துக்கும் நடுவே ஒரு கம்பிவலை ஜன்னல். அதையும் ஷட்டரின் அடி இடுக்கையும் விட்டால் காற்றோ சத்தமோ போக வழி இல்லை.

அப்பா எண்ணும் வேலையில் இருந்த காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போதைய கீப்பர் தினமும் "குடோன் மூடப்போறோம், எல்லாரும் வெளிய வாங்க" என்று குரல் கொடுப்பார். தமிழில். அன்று கூலி ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் அனுப்பிய ஆட்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. தீவன அட்டிக்குப் பின்னால் அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது, அடி இடுக்கில் மூக்கை வைத்துத் தரையோடு தரையாகப் படுத்திருந்தார். உயிர் இருந்தது. எழுந்தார், யாரையும் பார்க்காமல் நடந்து போனார். திரும்பி வரவே இல்லை. அந்த ஆளின் பெயர் கூட யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு உறைத்தது அதுதான்.

சாவி தன் கைக்கு வந்த அன்றே அப்பா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புதிதாக யார் வந்தாலும் தரையைக் காட்டி, கூரையைக் காட்டி, கையை விரித்துக் கேட்பார்: உன் பாஷையில இதுக்கு என்ன பேரு? சொல்வார்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் ஷட்டர் இறக்கும் முன் நடுக்கூடத்தில் நின்று கத்துவார்:

"கிடங்கு! குடோன்! கிட்டங்கி! கோதாம்! குதாம்! குடாங்! கோடாங்!"

தன் சொல் காதில் விழுந்ததும் ஒவ்வொருவரும் வெளியே வர வேண்டும். வாசலில் அப்பா உள்ளங்கையை நீட்டியபடி நிற்பார். அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக வேண்டும். காலையில் உள்ளே போகும்போதும் ஒரு தட்டு. காலைத் தட்டும் மாலைத் தட்டும் ஒத்துப்போனால்தான் ஷட்டர் இறங்கும்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்னப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் மனசுல நிக்கறதுக்குள்ள ஏஜென்ட் ஆளை மாத்திடுறான்."

"அப்ப 'வெளிய வா'ன்னு அவங்க பாஷையிலேயே சொல்லலாமே."

"அதையும் ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். நம்பிக் கத்தினேன். ஒருத்தன் சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு சண்டைக்கு வந்தான். சொல்லிக் குடுத்தவன் சிரிச்சு உருண்டான். எடத்தோட பேருன்னா வம்பு இல்ல பாரு."

இப்படித்தான் அவருக்குக் 'கத்தல்' என்று பெயர் வந்தது. கிடங்கில் எல்லாரும் கத்தல் அண்ணன் என்பார்கள். வீட்டிலும் அதே தொண்டைதான். அம்மா சொல்வாள்: "கல்யாணத்தன்னிக்கு என் காதுல ரகசியமா ஒண்ணு சொன்னார். வாசல்ல நின்னவங்க சிரிச்சாங்க."

அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு விடுமுறை நாளில் நூலகத்தில் அகராதிகளைப் பிரித்தேன். படித்ததை அன்று சாப்பாட்டின்போது சொன்னேன். தமிழில் கிடத்தல் என்பதிலிருந்து கிடங்கு. பழைய தமிழில் அதற்குக் கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழி என்று பொருள், பள்ளம் என்றும் பொருள். பிறகு சரக்குக் கிடக்கும் இடம். தெலுங்கில் கிட்டங்கி. இந்த இரண்டில் ஒன்று வியாபாரிகளோடு கடல் தாண்டி மலாயில் குடாங் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் வாயில் கோடாங். போர்த்துக்கீசியர்களும் ஆங்கிலேயர்களும் அதை ஆளுக்கொரு விதமாக வாயில் போட்டு மென்றார்கள். இந்தியில் கோதாம், வங்காளத்தில் குதாம். கடைசியில் ஆங்கிலத்தின் தோளில் ஏறி நம்மிடமே குடோனாக வந்து இறங்கியது. எது மூத்தது என்பதில் அகராதிகள் ஒத்துப்போகவில்லை. எல்லாம் ஒரே குடும்பம் என்பதில் பெரிய சண்டை இல்லை.

அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஒரே வார்த்தையையா கத்திக்கிட்டு இருந்தேன்?"

"ஒரு வகையில ஆமா."

"தொண்டை கிழிஞ்சதுதான் மிச்சமா! ஏண்டி, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" அப்புறம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் குடோன் இருக்கானே, அவன் வெளிநாடு போய்ட்டு வந்த மச்சான். சொந்த வீட்டுக்குள்ளயே பூட்ஸைக் கழட்டாம நடக்கிறான்."

மறுநாள் கிடங்கில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே நடந்ததை வீட்டில் ஆள் ஆளாக நடித்துக் காட்டினார். ஆட்களுக்குத் தலைவரான மேஸ்திரி தெலுங்குக்காரர். அப்பாவோடு சேர்ந்து மூட்டை தூக்கியவர்.

"எல்லாம் உங்க கிடங்கா? யார் சொன்னா? எங்க கிட்டங்கிதான் அண்ணன். உங்களுது தம்பி."

"பத்திரம் இருந்தா காட்டு."

"உன் பொண்ணு பார்த்த புஸ்தகத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் உனக்குச் சொல்லாம மறைச்சிருக்கா."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் மலாய்க்காரர். தனக்குத் தெரிந்த தமிழில் அவர் முடித்துவைத்தாராம்: "நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போடு. கப்பல்ல ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோனது நாங்க. முதல்ல வண்டி வாடகை குடு."

இவ்வளவுதான் அப்பாவின் வாழ்க்கையில் சிரிப்பாக இருந்த பகுதி. மீதியைச் சொல்கிறேன்.

புது மானேஜர் வந்தார். சரக்குக்காரர்கள் கிடங்கைப் பார்க்க வரும் நேரத்தில் ஒரு ஆள் நடுக்கூடத்தில் நின்று கத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் கை நீட்டி நிற்பதும் பிடிக்கவில்லை. "பிச்சை கேக்கிற மாதிரி இருக்குய்யா" என்றாராம். இதை அப்பா எங்களிடம் நடித்துக் காட்டவில்லை. மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மணி பொருத்தினார்கள். அதைப் பழிக்க மாட்டேன். நல்ல மணி. நான்கு கூடத்திலும் கேட்கும், செவிட்டுக் காதிலும் ஏறும். "மணிக்கு பாஷை கிடையாது, எல்லாருக்கும் புரியும்" என்று மானேஜர் சொன்னதும் உண்மைதான். ஆனால் மணி கேட்டுக்கொள்ளாது. அது சொல்லும், அவ்வளவுதான். லிஃப்ட் கதவை மணி அடித்துவிட்டு மூடினால் என்னை வேலையை விட்டுத் துரத்துவார்கள். நடுவில் யாரும் இல்லை என்று கதவுக்குத் தெரிய வேண்டும். பதில் வராத வரை மூடக் கூடாது. அப்பாவின் ஏற்பாட்டில் பதில் இருந்தது. உள்ளங்கையில் விழுந்த தட்டுதான் பதில். கத்தலை எடுத்தபோது அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எதை எடுக்கிறோம் என்று யாரும் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

என் கோபம் அப்பாவையும் விடவில்லை. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் மானேஜரிடம் அவருக்குப் புரியும் பாஷையில் பேசியிருப்பேன். அவர் செய்தது வேறு. மணி அடித்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பிவலை ஜன்னல் வழியாகக் காலிக் கிடங்குக்குள் கத்தினார். கிடங்கு, குடோன், கிட்டங்கி, ஒன்று விடாமல். மானேஜரை வெறுப்பேற்றுவதற்காக. வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் தினமும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

மானேஜர் எச்சரித்தார். அப்பா கத்துவதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, மணி அடித்த பின் யாரிடமும் சொல்லாமல் தானே உள்ளே போய், நான்கு கூடத்தையும் அட்டி அட்டியாகப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை பூச்சி மருந்து வைக்கும் நாள். மருந்து வைத்தால், அதன் விஷப் புகை வெளியே போகாதபடி கம்பிவலை ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, ஷட்டரை இறக்கி, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிடுவார்கள். மருந்துக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள். அப்பா வழக்கம்போல் உள்ளே போனார். மருந்துக்காரர்கள் முதல் கூடத்தில் வேலையை முடித்து வெளியே வந்தார்கள். அப்பா கடைசிக் கூடத்தில் அட்டிகளுக்கு நடுவே இருந்தார். "மணி அடிச்சாச்சுல்ல, இறக்கு" என்றார் மானேஜர். இறக்கி வெளியே கொண்டி மாட்டியதும் அவர் காரில் ஏறிப் போனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

இருட்டில் ஷட்டரை நோக்கி வந்துகொண்டே அப்பா கத்தியிருக்கிறார். கட்டிப்போன தொண்டை. அந்த இடத்தில் நின்று அவர் வாய் எதைக் கத்திப் பழகியிருந்ததோ அதுவே வந்தது. கிடங்கு, குடோன், கோதாம், குடாங். ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் அவரவர் சொல்லால் கூப்பிட்டார். அத்தனை பேருக்கும் கேட்டது. குழாயடியில் நின்று சிரித்தார்கள். ஆபீஸ் அறையிலிருந்து கத்தல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தார்கள்.

டேப் ஒட்டிக்கொண்டிருந்த மருந்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், "யாரோ கத்துறாங்களே?" என்று. "அது எங்க கத்தல். தினமும் இதேதான். நீங்க ஒட்டுங்க" என்று பதில் வந்திருக்கிறது. அவர் ஒட்டினார்.

அப்பாவின் போன் ஆபீஸ் அறையில், ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் இருந்தது. அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "அப்பா இன்னும் வீட்டுக்கு வரல, உங்ககூட இருக்காரா?" என்றேன்.  அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது.

திறந்தபோது ஷட்டருக்குப் பக்கத்திலேயே கிடந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதவிதமாகச் சொன்னார்கள். வேலை பார்த்துக்கிட்டே போய்ட்டார், கொடுத்து வெச்ச மனுஷன். படுக்கையில விழாம போனாரே. இவர்களை எல்லாம் எழுப்பி வெளியே அனுப்பத் தோன்றியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மானேஜரும் வந்தார். நாற்காலி போட்டோம். டீ கொடுத்தோம்.

"அவர் நடைமுறையை மீறிட்டாரும்மா. மணி அடிச்சப்புறம் உள்ள போகக் கூடாது."

"மணி அடிச்சப்புறம் உள்ள யாரும் இல்லைன்னு பார்க்கறது யார் வேலை?"

"மணி அடிச்சா எல்லாரும் வெளிய வந்துடணும். அதான் ஏற்பாடு."

"வந்துட்டாங்களான்னு யார் பார்க்கறது?"

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிதான் மணி…"

"சார், மணி கேட்டுச்சான்னு நான் கேக்கல. யார் பார்த்தாங்கன்னு கேக்கறேன்."

டம்ளரைக் கீழே வைத்தார்.  அம்மா சொன்னாள், சாதாரணக் குரலில்: "அவரு பார்த்தாருப்பா. அதுக்குத்தான் உள்ள போனாரு. டீ ஆறுது, குடி."

அவர் குடிக்கவில்லை. பழையபடி வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள், கையில் தட்டிவிட்டுப் போகட்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும் என்றேன். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்தார். படியேறி வந்தவர் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"இல்ல பாப்பா. இங்கயே நிக்கறேன்."

"நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன் பாப்பா. 'ஒட்டுங்க'ன்னு அந்த மருந்துக்காரன்கிட்ட சொன்னதும் நான்தான். அதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்வேன்? கிட்டங்கின்னு என் வார்த்தையைத்தான் பல தடவை கத்தினார். என்னைச் சீண்டுறார்னு நினைச்சேன்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. எதையும் செய்யவில்லை. அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் கத்தறேன். வாசல்ல கையையும் நீட்டறேன். மானேஜர் முறைச்சுக்கிட்டுப் போறான். வேலையை விட்டுத் தூக்கினா தூக்கட்டும். ஆனா ஒண்ணு இடிக்குது."

"என்ன?"

"அந்த வாரம் ஏஜென்ட் புதுசா சில பேரை அனுப்பினான். அவங்க பேசறது எங்க யாருக்கும் தலையும் புரியல வாலும் புரியல. அவங்க சொல் என்னன்னு யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை வேலை முடிஞ்சதும் அவங்க ரூமுக்கே போய்க் கேட்டுட்டு வர்றேன்னு கத்தல் அண்ணன் சொல்லிக்கிட்டிருந்தார்."

"கத்தக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறமுமா?"

"அதுக்கு அப்புறமும்தான். உன்கிட்டயோ அம்மாகிட்டயோ ஏதாவது சொன்னாரா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையாட்டினாள். இல்லை.

"நீங்க கிடங்குலயே கேட்டுப் பாக்கறதுதானே?"

"தரையைக் காட்டிக் கேட்டேன் பாப்பா. பெருக்கச் சொல்றேன்னு விளக்குமாறை எடுத்தாங்க. உங்க அப்பா மாதிரி எனக்குக் கேக்க வரல."

"நான் கத்தறப்ப அந்தப் பசங்க என்ன பண்றாங்க தெரியுமா?" என்றார் போகும்போது. "மத்தவங்க நகர்றதைப் பார்த்து நகர்றாங்க. பக்கத்துல யாராவது இருந்தாத்தான் அதுவும். அட்டிக்குப் பின்னால தனியா நின்னா…" 

அவர்கள் தங்கியிருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்துவிடலாம் என்று காலையிலேயே போனேன். சலவைக் கடைக்கு மேலே முதல் மாடி. படிக்கட்டு முழுக்க சோப்பு ஈரம். கம்பியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவில் பூட்டு.

இறங்கி வந்தேன். சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "மாடிப் பசங்களா? விடியறப்பவே வேலைக்குப் போய்ட்டாங்கம்மா. ஏதோ குடோனாம். அது மூடினப்புறம்தான் வருவாங்க."